பிள்ளைகளை நம்பிய பெருமகன்: சாரணர் இயக்கத் தந்தை பேடன் பவல் பிரபுவின் வாழ்க்கை

பாடசாலை விட்டு வந்த பிள்ளை புத்தகப் பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டுகிறான். சாரணர் குழுவிற் சேர்வதற்குப் பெற்றோரின் ஒப்பம் வேண்டுமாம். தகப்பனார் தாளைப் புரட்டிப் பார்க்கிறார். தாயாரோ பாசறை என்ற சொல்லைக் கண்டதுமே கலங்கிப் போகிறார். இரவில் வெளியே படுப்பதா? மழை வந்தால்? பாம்பு பூச்சி கடித்தால்? படிப்பு என்னாவது? கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. பிள்ளையோ அந்த ஒப்பம் ஒன்றையே எதிர்பார்த்து நிற்கிறான்.

இக்கேள்விகள் இன்று தோன்றியவையல்ல. 1907ஆம் ஆண்டு இங்கிலாந்திலே சில பெற்றோர் தங்கள் மைந்தரை ஒரு தீவுக்கு அனுப்பி வைத்தபோது அவர்களது உள்ளத்திலும் இத்தகைய கேள்விகள் எழுந்தே இருக்கும். அன்று அப்பிள்ளைகளைப் பொறுப்பேற்றுக்கொண்ட மனிதர் ஐம்பது வயதான ஓர் இராணுவத் தளபதி. அவருக்கு அப்போது மனைவியுமில்லை, மக்களுமில்லை. ஆயினும் சிறுவரைப் பற்றி அவர் அறிந்திருந்த ஓர் உண்மை அவரை உலகப் புகழுக்கு உயர்த்தியது. சிறுவனிடம் உண்மையான பொறுப்பொன்றை ஒப்படைத்தால் அவன் அதற்கேற்ப வளர்வான் என்பதே அது. அவர் அதனை எங்கே கற்றார், அதற்கு என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்பவற்றை அவருடைய வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது.

தந்தையை இழந்த வீடு

றொபேட் ஸ்டீபன்சன் சிமித் பவல் 1857ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் பேடன் பவல் அங்கிலிக்கன் திருச்சபைக் குரு. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் கேத்திரகணிதப் பேராசிரியர். புகையிரதப் பாதைகள் அமைத்துப் புகழ்பெற்ற பொறியியலாளர் றொபேட் ஸ்டீபன்சனே குழந்தையின் ஞானத்தந்தை. அவருடைய பெயரையே குழந்தைக்கும் சூட்டினர்.

1860ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பேராசிரியர் காலமானார். றொபேட்டுக்கு அப்போது வயது மூன்று. கடைசிக் குழந்தை பிறந்து ஒரு மாதமும் நிறையவில்லை. தாயார் ஹென்றியற்றா கிறேஸ் அம்மையார் கடற்படைத் தளபதி ஒருவரின் மகள். கல்வியறிவும் மன உறுதியும் மிக்கவர். பிள்ளைகள் முன்னுக்கு வரவேண்டும் என்பதில் அவர் காட்டிய பிடிவாதம் சிலவேளை கடுமையாகவும் இருந்ததென்று வரலாற்றாசிரியர் கூறுவர். மறைந்த கணவரின் பெயர் மறக்கப்படலாகாது என்று 1869இல் அதனைக் குடும்பப் பெயரோடு இணைத்தவரும் அவரே. அன்று தொட்டு அக்குடும்பத்தார் பேடன் பவல் என்று வழங்கப்பட்டனர்.

தகப்பனில்லாப் பிள்ளைகள் என்று அவர் அவர்களைச் சேலைத் தலைப்பிற் கட்டி வைக்கவில்லை. விடுமுறை வந்ததும் சகோதரர்கள் படகேறிக் கடலுக்குச் சென்றனர். மூத்த தமையனார் வாறிங்டன் கப்பற் பயிற்சி பெற்றவர், அவரே தலைவர். இளையவர்கள் அவர் சொற்படி நடக்க வேண்டும். சமையலும் பாத்திரம் கழுவுதலும் றொபேட்டின் பங்கு. சமைத்தது வாய்க்கு உருசியில்லையென்றால் ஏச்சும் அவருக்கே. காற்றையும் அலையையும் கண்டு அஞ்சாதிருக்கவும், கீழ்ப்படிந்து பின்னர் தலைமை தாங்கவும் அவர் முதன்முதலிற் கற்றது அப்படகிலேதான். பிற்காலத்திற் சாரண அணி என்று அவர் அமைத்ததை உற்று நோக்கினால், தமையன் தலைமையில் தம்பிமார் சென்ற அப்படகு நமக்குத் தென்படும்.

எல்லைக்கு அப்பாலிருந்த காடு

1870இல் றொபேட் சாட்டர்ஹவுஸ் கல்லூரியிற் புலமைப் பரிசில் பெற்றுச் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகளின் பின் கல்லூரி இலண்டனிலிருந்து கொடால்மிங் என்னும் நாட்டுப்புற ஊருக்கு இடம் மாறியது. அங்கே மாணவர் செல்லக்கூடாதென்று விலக்கப்பட்ட ஒரு சிறு காடு இருந்தது. றொபேட் அதற்குள் ஓசையின்றிப் புகுந்து, முயல் பிடித்து, புகை மேலெழாதபடி நெருப்பு மூட்டிச் சமைத்துண்பார். ஆசிரியர் வரும் காலடி கேட்டால் மரத்தில் ஏறி அசையாதிருப்பார். பறவைகளின் ஒலியும் விலங்குகளின் அடிச்சுவடும் அவருக்கு அங்கேதான் பழக்கமாயின.

விதியை மீறியதற்காக அவரை நாம் புகழ வேண்டியதில்லை. ஆனால் வகுப்பறையில் நடுத்தரமாக நின்ற மாணவன் காட்டிலே கூர்மையாக விழித்திருந்தான் என்பது சிந்திக்கத்தக்கது. ஒக்ஸ்போட் நுழைவுப் பரீட்சையில் அவர் தேறவில்லை. தகப்பனார் பேராசிரியராயிருந்த பல்கலைக்கழகமே அவரை ஏற்கவில்லை. பரீட்சைத் தோல்வியோடு பிள்ளையின் வாழ்வு முடிந்துவிட்டதென்று அழும் பெற்றோர் இதனை மனத்திற் கொள்ளலாம். 1876இல் இராணுவப் பரீட்சைக்குத் தோற்றி உயர்ந்த இடத்தைப் பெற்ற அவர், பத்தொன்பதாம் வயதிற் குதிரைப்படை அதிகாரியாக இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

படையிற் கற்றதும் களங்கமும்

இந்தியாவிலும் ஆபிரிக்காவிலும் அவர் கழித்த ஆண்டுகள் பல. எதிரியின் நிலையை முன்சென்று அறிந்து வரும் ஒற்றர் பணியே அவருக்கு மிகவும் கைவந்தது. சாரணர் என்னும் நமது பழந்தமிழ்ச் சொல்லுக்கும் ஒற்றர் என்ற பொருள் உண்டு. இப்பணிக்குப் படைவீரரைப் பழக்கியபோது அவர் ஒன்றைக் கண்டார். நூறு பேரை வரிசையில் நிறுத்திக் கட்டளையிட்டால் அவர்கள் கட்டளைக்குக் காத்திருக்கக் கற்கிறார்கள். நான்கைந்து பேரைச் சிறு குழுவாக்கித் தாமே வழி காணுமாறு அனுப்பினால் சிந்திக்கக் கற்கிறார்கள். தேர்ந்தவர்களுக்குத் திசைகாட்டியில் வடக்கைக் காட்டும் மலர் வடிவச் சின்னத்தை வழங்கினார். இன்று சாரணரின் நெஞ்சில் விளங்கும் சின்னம் அதிலிருந்து வந்ததே. இவ்வனுபவங்களைத் திரட்டிப் படைவீரருக்கென அவர் எழுதிய சிறு நூல் 1899இல் வெளிவந்தது.

அவருடைய இராணுவ வாழ்வில் மறைக்கக்கூடாத பக்கங்களும் உள. 1896இல் மற்றபேலே மக்கள் வெள்ளையர் ஆட்சிக்கெதிராகக் கிளர்ந்தபோது, கைதான உவினி என்னும் தலைவனை இராணுவ நீதிமன்றின் தீர்ப்பின்படி சுட்டுக்கொல்ல அவர் அனுமதித்தார். இது குறித்து விசாரணை நடந்தது. அவர் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். ஆயினும் அச்செயலைக் குறை கூறுவோர் இன்றும் உளர். அவர் தம் காலத்துப் பேரரசின் மனிதர். அப்பேரரசின் குறைகள் அவரிடமும் இருந்தன.

முற்றுகையிட்ட நகரிற் சிறுவர்

1899 ஒக்டோபரில் தென்னாபிரிக்காவிற் போர் மூண்டது. மஃபெகிங் என்னும் சிறு நகரைப் போயர் படைகள் சூழ்ந்துகொண்டன. நகரைக் காத்த படைக்குத் தலைவர் பேடன் பவல். 217 நாட்கள் அம்முற்றுகை நீடித்தது. படைவீரர் தொகை போதாமையால் ஒன்பது வயதிற்கு மேற்பட்ட சிறுவரைக் கொண்டு ஒரு துணைப்படை அமைக்கப்பட்டது. அதனை ஒழுங்குசெய்தவர் எட்வேட் செசில் பிரபு என்னும் அதிகாரி. சிறுவருக்குத் தலைவனாக நின்ற வோணர் குட்இயரும் ஒரு சிறுவனே.

அவர்கள் துப்பாக்கி ஏந்தவில்லை. காவலரண்களுக்குச் செய்தி கொண்டு சென்றனர், வைத்தியசாலையில் உதவினர், நகருக்குள் தபால்களைச் சேர்ப்பித்தனர். தொடக்கத்திற் கழுதைகளில் ஏறிச் சென்றனர். உணவு அருகிக் கழுதைகளும் உணவாகிவிடவே துவிச்சக்கரவண்டிகளில் ஓடினர். குண்டு விழும் தெருவிலும் செய்தி தவறியதில்லை. நகரில் அப்போது அச்சிட்ட முத்திரையொன்றில் குட்இயர் வண்டியில் அமர்ந்திருக்கும் படம் பொறிக்கப்பட்டது. பெரியவரின் நம்பிக்கை கிடைத்தால் சிறுவர் பெரியவராகவே நடந்துகொள்வர் என்று பேடன் பவல் கண்கூடாகக் கண்டது இங்கேதான்.

அதே நகரில் வேறொரு துயரமும் நிகழ்ந்தது. முற்றுகைக்குள் அகப்பட்ட ஆபிரிக்க மக்களுக்கு வெள்ளையரிலும் குறைந்த உணவே கிடைத்தது. பலர் பட்டினியால் மாண்டனர். அந்நகரில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்த சொல் பிளாச்சி என்னும் ஆபிரிக்கர் முற்றுகை நாட்களில் எழுதிய நாட்குறிப்பு 1973இல் அச்சேறியது. அதன்பின் மஃபெகிங்கின் கதையை வெள்ளையர் பக்கத்திலிருந்து மட்டும் சொல்ல இயலாமற் போயிற்று. 1900 மே 17ஆம் நாள் முற்றுகை நீங்கியபோது இங்கிலாந்து மக்கள் தெருவெங்கும் ஆடிப் பாடினர். பேடன் பவல் ஒரே நாளிற் பெருவீரரானார்.

மரத்தின்மேல் ஒரு பிள்ளை

1903இல் தாயகம் திரும்பிய தளபதிக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. படைவீரருக்கென அவர் எழுதிய நூலைச் சிறுவர்கள் வாங்கிப் படித்துக்கொண்டிருந்தனர், ஆசிரியர்களும் பயன்படுத்தினர். சாள்ற் மேசன் என்னும் கல்வியாளர், வீடுகளிற் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியைகளைப் பயிற்றும் தமது கல்லூரியில் அதனைப் பாடநூலாக்கியிருந்தார். அக்கல்லூரியிற் பயின்ற ஆசிரியை ஒருவர் அல்லன்பி என்னும் இராணுவ அதிகாரியின் வீட்டிற் பணியாற்றினார். ஒருநாள் அல்லன்பி குதிரையில் வீடு திரும்பியபோது மரக்கிளையிலிருந்து அவருடைய சிறுமகன், தான் தந்தையைச் சுட்டுவிட்டதாகக் கூவினான். அண்ணாந்து பார்த்தால் பிள்ளைக்கு மேலேயுள்ள கிளையில் ஆசிரியையும் ஒளிந்திருக்கிறார்! பாடம் அவ்வாறு நடந்துகொண்டிருந்தது. சாரணர் இயக்கம் முளைத்த வித்துகளுள் இதுவும் ஒன்றென்று பேடன் பவல் பின்னர் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். மரமேறி விளையாடிய அந்த ஒரே மகன் 1917இல் உலகப் போரில் வீழ்ந்தான் என்பது நெஞ்சை உறுத்தும் செய்தி.

1904இல் கிளாஸ்கோ நகரிற் சிறுவர் படையணி என்னும் இயக்கத்தின் அணிவகுப்பைப் பேடன் பவல் பார்வையிட்டார். அதனை 1883இல் நிறுவிய வில்லியம் சிமித், சிறுவருக்கேற்ற முறையில் அந்நூலைத் திருத்தி எழுதுமாறு அவரைத் தூண்டினார். நகரங்களில் ஒடுங்கி, மெலிந்து, வேலையற்றுத் திரிந்த பிள்ளைகளைக் கண்டு வருந்தியிருந்த தளபதிக்கு அந்த வேண்டுகோள் உள்ளத்திற் பதிந்தது. எழுதுமுன் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தீர்மானித்தார்.

பிறவுன்சித் தீவில் எட்டு நாட்கள்

1907 ஓகஸ்ட் 1ஆம் நாள், தென் இங்கிலாந்தின் பூல் துறைமுகத்திலுள்ள பிறவுன்சித் தீவில் அந்தப் பாசறை தொடங்கியது. சுமார் இருபது சிறுவர் வந்தனர். ஒரு பாதியினர் ஈற்றன், ஹறோ போன்ற செல்வர் கல்லூரிகளின் மாணவர். மறுபாதியினர் பூல், போண்மத் நகரங்களின் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். செல்வர் பிள்ளைகளுக்குக் கட்டணம் ஒரு பவுண். மற்றவர்க்கு மூன்று சிலிங் ஆறு பென்ஸ். வகுப்பு வேற்றுமை இரும்புச் சுவராக நின்ற அக்கால இங்கிலாந்தில் இரு சாராரையும் ஒரே கூடாரத்திற் படுக்க வைத்தது சிறிய காரியமன்று.

பிள்ளைகளை அழைக்குமுன் அவர் பெற்றோருக்கு எழுதித் தமது நோக்கத்தை விளக்கினார். உணவு, சமையல், சுகாதாரம் யாவும் கவனமாகப் பார்க்கப்படும் என்று உறுதி கூறினார். நாடறிந்த வீரர் என்பதற்காகப் பெற்றோர் தம்மைக் கண்மூடி நம்பட்டும் என்று அவர் இருந்துவிடவில்லை.

சிறுவர் நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டனர்: ஓநாய், எருது, காகம், குதிரைமலைக்கோட்டான் என்னும் நீர்க்கரைப் பறவை. ஒவ்வோர் அணிக்கும் ஒரு நிறக் கம்பளி நூல் தோளிற் கட்டப்பட்டது. ஒவ்வொன்றிற்கும் சிறுவருள் ஒருவனே தலைவன். தன் அணியின் ஒழுக்கத்திற்கும் வேலைக்கும் அவனே முழுப் பொறுப்பு. விடியலில் ஆபிரிக்க மான் கொம்பை ஊதிப் பேடன் பவல் அவர்களை எழுப்புவார். முடிச்சுகள், நெருப்பு மூட்டல், சமையல், அடிச்சுவடு காணல், நட்சத்திரம் பார்த்தல், விபத்தில் உயிர் காத்தல் என்று நாள்தோறும் ஒரு பொருள். பாடத்தைச் சொல்லிவிட்டு நிறுத்தாமல் உடனே விளையாட்டாகச் செய்வித்தார். மாலையிற் பாசறைத் தீயைச் சுற்றிக் கதைகள். இரவில் ஓர் அணி தனியே சென்று காவலிருந்து, தன் உணவைத் தானே சமைத்து, வெளியிற் படுத்து வரும்.

அத்தீவில் இருந்தவர்களுள் மிகச் சிறியவன் டொனால்ட் என்னும் ஒன்பது வயதுப் பிள்ளை. அவன் பேடன் பவலின் பெறாமகன். தமையனார் ஜோர்ஜின் மைந்தன். தமையனார் 1898இலேயே காலமாகிவிட்டார். தகப்பனை அறியாது வளர்ந்த சித்தப்பா, தகப்பனை அறியாது வளரும் பிள்ளையைத் தம் உதவியாளனாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஏன் என்று அவர் விளக்கியதாகத் தெரியவில்லை, விளக்கம் வேண்டியதுமில்லை.

பிள்ளைகள் முந்திக்கொண்டனர்

1908 ஜனவரியிலிருந்து சிறுவருக்கான சாரணீயம் என்னும் அவரது நூல் இரு கிழமைக்கொன்றாக ஆறு பகுதிகளாய் வெளிவந்தது. பகுதி ஒன்றின் விலை நான்கு பென்ஸ். ஏற்கெனவே இயங்கிவந்த சிறுவர் சங்கங்கள் அதனைப் பயன்படுத்தினாற் போதும் என்றே அவர் எண்ணியிருந்தார். நடந்ததோ வேறு. சிறுவர்கள் தாங்களாகவே வாங்கிப் படித்தார்கள். அயலவர் ஐந்தாறு பேர் கூடி அணி அமைத்தார்கள். தும்புத்தடிக் கம்பே சாரணர் கோலாயிற்று. பின்னரே வளர்ந்த ஒருவரைத் தேடிப் பிடித்துத் தங்களுக்குத் தலைவராயிருக்கக் கேட்டார்கள். மதகுருமார், ஆசிரியர், கடைக்காரர், இளைஞர் என்று பலரும் இவ்வாறு பிள்ளைகளால் அழைக்கப்பட்டுச் சாரண ஆசிரியரானவர்களே. இரண்டே ஆண்டுகளில் பிரித்தானியாவில் மட்டும் சாரணர் தொகை ஓர் இலட்சத்தைத் தாண்டியது.

1909 செப்டெம்பரில் இலண்டன் பளிங்கு மாளிகையில் ஏறத்தாழ 11,000 சாரணர் கூடினர். அவர்களுக்கிடையே சாரண உடையில் ஒரு சில சிறுமியரும் வந்து நின்றனர். தாங்களும் சாரணரே என்றனர். பெண் பிள்ளைகள் காடு மேடு அலைவதா என்று ஊரார் முகஞ்சுளித்த காலம் அது. பேடன் பவல் தமது சகோதரி அக்னெஸ் அம்மையாரின் துணையோடு 1910இற் சாரணியர் இயக்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில் இராணுவத்தினின்றும் ஓய்வுபெற்றுத் தம்மை முற்றாக இப்பணிக்கு ஒப்படைத்தார்.

இலங்கைத் தீவுக்கும் இவ்வியக்கம் விரைவில் வந்து சேர்ந்தது. 1912இல் பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் என்பவர் மாத்தளையில் அதனைத் தொடக்கி வைத்தார்.

லேஸ்டவுன் துயரம்

அதே 1912ஆம் ஆண்டு ஓகஸ்ட் 4ஆம் நாள், இலண்டனின் ஏழைக் குடியிருப்பான வோல்வேத்திலிருந்து ஒரு சாரணர் குழு தேம்ஸ் நதி வழியே பாய்மரப் படகிற் பாசறைக்குச் சென்றது. லேஸ்டவுன் கரையை நெருங்கும் வேளையிற் திடீரென வீசிய சூறைக்காற்றிற் படகு கவிழ்ந்தது. சாரணர் எண்மரும், அவர்களோடு சென்ற பயிற்சிக் கப்பல் மாணவன் ஒருவனுமாக ஒன்பது சிறுவர் கடலில் மாண்டனர். சாரண ஆசிரியர் நீந்தி நீந்திச் சிலரைக் காப்பாற்றினார்; எல்லாரையும் காப்பாற்ற முடியவில்லை. சடலங்களைக் கொண்டுவர அரசாங்கம் போர்க்கப்பலொன்றை அனுப்பியது. நன்ஹெட் மயானத்தில் எண்மரையும் ஒரே இடத்தில் அடக்கம் செய்தபோது இலண்டன் மாநகரே திரண்டு நின்று அழுதது.

ஒப்பமிட்டு அனுப்பிய பெற்றோரின் வீட்டிற்கு இத்தகைய செய்தி வந்தால் எந்த ஆறுதற் சொல்லும் போதாது. பிள்ளைகளை நம்புவதன் விலை சிலவேளை எவ்வளவு பெரிதாயிருக்கும் என்பதை இயக்கம் தன் இளம் பருவத்திலேயே அறிந்துகொண்டது. பிள்ளையை நம்பலாம், காற்றையும் கடலையும் நம்பலாகாது. ஆகவே பிள்ளையிடம் பொறுப்பைக் கொடுப்பவருக்கு அவனைக் காக்கும் பொறுப்பு இருமடங்காகிறது. பழுதற்ற படகு, நீந்தக் கற்றபின் நீர், போதிய பெரியவர், தெளிவான திட்டம் என்பன இன்றிப் பாசறையென்று புறப்படுவது பேடன் பவல் கற்பித்த சாரணீயமாகாது. முதலாந்தரச் சாரணன் ஐம்பது யார் தூரம் நீந்த வேண்டுமென்று அவருடைய நூலே விதித்திருந்தது. அவர் பிறப்பித்த கட்டளைகளில் எப்போதும் ஆயத்தமாயிருத்தலே தலையாயது. அது பிள்ளைக்கு முன்னர் பெரியவரையே கட்டுப்படுத்துகிறது.

தம்பிமாரின் முறைப்பாடு

அவ்வாண்டின் தொடக்கத்திற் கப்பற் பயணமொன்றில் ஒலேவ் சோம்ஸ் என்னும் இளநங்கையைச் சந்தித்த பேடன் பவல், ஒக்டோபர் மாதத்தில் அவரை மணந்தார். மணமகனுக்கு வயது 55, மணமகளுக்கு 23. இருவரும் பிறந்தது பெப்ரவரி 22ஆம் நாளே. ஒரு மகனும் இரு மகள்மாரும் பிறந்தனர். ஒலேவ் அம்மையார் பின்னர் சாரணியர் இயக்கத்தின் தலைவியாகி அதனை உலகெங்கும் வளர்த்தார். தனிமனிதரின் முயற்சி ஒரு குடும்பத்தின் பணியாயிற்று. மைந்தரைப் படகேற்றி அனுப்பிய ஹென்றியற்றா அம்மையார், ஐம்பத்து நான்கு ஆண்டுக் கைம்மை வாழ்வின் பின் 1914இற் காலமானார்.

இதற்கிடையில் புதியதொரு முறைப்பாடு எழுந்தது. சாரணனாவதற்குப் பதினொரு வயது நிறைய வேண்டும். அண்ணன் தொப்பியும் கழுத்துப்பட்டியும் அணிந்து புறப்படும்போது எட்டு வயதுத் தம்பி படலையைப் பிடித்துக்கொண்டு அழுதான். சில இடங்களில் தம்பிமார் பின்னாலேயே ஓடி வந்தனர். அவர்களைத் துரத்துவதா, சேர்ப்பதா? சேர்த்தால் பெரியவரோடு சேர்த்து அலைக்கழிக்கலாகாது என்று பேடன் பவல் கண்டார். சிறு பருவத்திற்குச் சிறு பருவத்தின் விளையாட்டே பொருந்தும். கிப்ளிங் எழுதிய காட்டுக் கதைகளின் உலகை அவருடைய சம்மதத்தோடு எடுத்துக்கொண்டு, ஓநாய்க் குருளைகளின் கூட்டமாகச் சிறுவரை அமைத்தார். 1916 டிசெம்பரிற் குருளைச் சாரணர் கைநூல் வெளிவந்தது.

அத்திட்டத்தை உருவாக்குவதில் அவருக்கு வலக்கையாக நின்றவர் வேரா பார்க்லி என்னும் இளம் பெண். போர்க்காலத்தில் ஆண்கள் களத்திற்குச் சென்றிருந்தமையால் குருளையரை நடத்தப் பெண்கள் முன்வந்தனர். தாய்மாரும் தமக்கைமாரும் ஆசிரியைமாரும் கூட்டத் தலைவராயினர். அதுவரை வாசலில் நின்று வழியனுப்பிய தாய்க்கு இயக்கத்திற்குள் இடம் கிடைத்தது இவ்வாறுதான். இன்றும் ஒரு குடும்பம் சாரணீயத்துக்குள் நுழையும் முதற்படி பெரும்பாலும் குருளைச் சாரணரே.

எல்லார்க்கும் உரிய சகோதரம்

1919இல் இலண்டன் அருகே கில்வெல் என்னும் பூங்கா நிலம் இயக்கத்திற்கு நன்கொடையாகக் கிடைத்தது. அங்கே சாரண ஆசிரியருக்கான பயிற்சி தொடங்கியது. பிள்ளைகளைப் பயிற்றுமுன் பெரியவர்கள் தாமே அணியாகி, கூடாரத்திற் படுத்து, சமைத்து, பாத்திரம் கழுவ வேண்டியிருந்தது. 1920இல் இலண்டன் ஒலிம்பியா மண்டபத்தில் முதலாவது உலக ஜம்போறி நடைபெற்றது. 34 நாடுகளிலிருந்து சுமார் 8,000 சாரணர் வந்தனர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்வரை ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த உலகத்தின் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் விளையாடினர். அங்கேதான் அவரை உலகப் பிரதம சாரணராக வரவேற்றனர்.

கடவுளுக்குச் செய்யும் கடமையை வாக்குறுதியின் முதலில் வைத்த அவர், எந்தச் சமயத்தவனும் தன் சமயத்தை உண்மையாகக் கைக்கொள்ள வேண்டுமென்றே விரும்பினார். இதனாற் பல சமயத்தவர்க்கும் கதவு திறந்தது. பிரான்சில் இயேசு சபைக் குரு ஜாக் செவேன் அடிகளார் 1913இல் அவரைச் சந்தித்து, முறையை ஆராய்ந்து, 1920இற் கத்தோலிக்க சாரணர் சங்கம் உருவாக உழைத்தார்.

நிறத்தின் கதவோ அவ்வளவு எளிதாகத் திறக்கவில்லை. இந்தியாவிற் சாரணர் இயக்கம் முதலில் வெள்ளையர் பிள்ளைகளுக்கென்றே நடத்தப்பட்டது. அதனைப் பொறாத அன்னி பெசன்ற் அம்மையார் முதலாம் உலகப் போர்க் காலத்திற் சென்னையிலிருந்து இந்தியச் சிறுவருக்கெனத் தனிச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். 1921இற் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது இரண்டும் இணைந்தன. தென்னாபிரிக்காவில் ஆபிரிக்கப் பிள்ளைகளை வேறாக வைத்த ஏற்பாட்டுக்கு 1936இல் அவர் இணங்கினார். அப்பிரிவினை 1977வரை நீங்கவில்லை. எல்லாச் சாரணரும் சகோதரர் என்று விதி எழுதியவர்க்கும் அவ்விதியை முழுமையாக நிறைவேற்ற முடியாமற் போனது. அவர் விட்ட குறையை அவர் வகுத்த விதியைக் கொண்டே பிற்காலத்தவர் திருத்தினர்.

வீடு திரும்பிய வழிகாட்டி

1929இற் பிரபுப் பட்டம் பெற்றபோது அவர் கில்வெல் என்னும் பெயரையே தமதாக்கிக் கொண்டார். 1937இல் ஒல்லாந்தில் நடைபெற்ற ஜம்போறியிற் பிள்ளைகளிடம் விடைபெற்றார். உடல் தளர்ந்துவிட்டது. மறு ஆண்டு மனைவியோடு கென்யா நாட்டின் நியேரி என்னும் ஊருக்குச் சென்று சிறு வீடொன்றிற் குடியேறினார். முற்றத்திற்கு வரும் பறவைகளையும் விலங்குகளையும் பார்த்துச் சித்திரம் தீட்டுவது அவருடைய கடைசிக் காலப் பொழுதுபோக்காயிற்று. கல்லூரிக் காட்டில் ஒளிந்திருந்த சிறுவன் மீண்டும் விழித்துக்கொண்டான் போலும். 1941 ஜனவரி 8ஆம் நாள், எண்பத்து மூன்று வயதில், அவர் அங்கேயே உயிர்நீத்தார். கென்யா மலையை நோக்கிய மயானத்தில் அவரை அடக்கம் செய்தனர். 1977இற் காலமான ஒலேவ் அம்மையாரின் சாம்பலும் அங்கேயே வைக்கப்பட்டது.

அவருடைய கல்லறையில் ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு புள்ளியும் பொறிக்கப்பட்டுள்ளன. காட்டுவழியில் அடையாளமிட்டுச் செல்லும் சாரணன் தன் பயணம் முடிந்து வீடு திரும்பிவிட்டான் என்பதைக் காட்டும் குறி அது.

இன்று 170க்கு மேற்பட்ட நாடுகளிற் பிள்ளைகள் அந்தக் குறியைக் கற்கிறார்கள். நமது பிள்ளை கொண்டுவந்த தாள் இன்னும் மேசைமேல் இருக்கிறது. பெற்றோரே, கண்ணை மூடிக்கொண்டு அதில் ஒப்பமிட வேண்டாம். சாரண ஆசிரியரை நேரிற் சென்று காணுங்கள். பாசறை எங்கே, எத்தனை பெரியவர் உடன் வருவர், நீர்நிலை உண்டா, நோய் கண்டால் என்ன செய்வர் என்று கேளுங்கள். நல்ல சாரண ஆசிரியர் அக்கேள்விகளால் மனம் நோகமாட்டார். பிறவுன்சித் தீவுக்கு முன்னர் பேடன் பவல் அவற்றுக்குத் தாமாகவே பதில் எழுதியிருந்தார். பிள்ளை சிறியவனாயின் குருளையர் கூட்டத்திற் தொடங்குங்கள். நேரமுள்ள தாயோ தகப்பனோ கிழமைக்கொரு மணித்தியாலம் கைகொடுத்தால் அக்குழு தழைக்கும்.

விடை திருப்தியாயிருந்தால் ஒப்பமிடுங்கள். முதலாவது பாசறையிலிருந்து அவன் புகை மணக்க, சேறு படிந்த சப்பாத்தோடு வருவான். தான் சமைத்த சோறு குழைந்துபோன கதையைச் சொல்வான். அதைக் கேட்க வீட்டில் ஆள் இருந்தால் அதுவே அவனுக்குப் போதும்.